வராதவரும் ஒப்புக்கொண்ட நாள்

போன மாதம் நித்யா போன் செய்தாள். நான் ரிட்டயர் ஆவதற்கு முன்னால் கடைசியாக இருந்த ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த பெண். இப்போது ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்.

"சார், புதுச் சட்டம் வந்ததுலேர்ந்து கோர்ட் பாரமெல்லாம் மாறிப் போச்சுல்ல. நானே எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிக்கிட்டேன். சின்ன கேசுல 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்'ங்கற பதிலயும் சேத்தே டைப் பண்ணிட்டேன். பேர மட்டும் மாத்துனா போதும். வேல பாதியாக் கொறஞ்சிடுச்சு சார்" என்றாள்.

சந்தோஷமாகத்தான் சொன்னாள். அந்தப் பதிலை மட்டும் அழித்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக வைத்துக்கொள் என்றேன். ஏன் சார் என்று கேட்டாள். போனில் சொல்கிற விஷயமில்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லி மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலி, கண்ணில் புரை, வீட்டில் வெள்ளையடிப்பு என்று ஏதாவது ஒரு சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தேன். எழுதப் பிடிக்கவில்லை என்பதுதான் நிஜம்.

முப்பத்தைந்து வருஷம் கோர்ட்டில் குப்பை கொட்டியவன் நான். வக்கீல் குமாஸ்தா இல்லை. நீதிபதியின் மேடைக்குக் கீழே ஒரு மேசை போட்டு, பேர் கூப்பிட்டதும் வழக்குக் கட்டை எடுத்து மேலே நீட்டுகிறவன். அவனைத்தான் பெஞ்ச் கிளார்க் என்பார்கள். சேர்ந்த புதிதில் மூன்று வருஷம் நகல் பிரிவு, அப்புறம் ரெக்கார்டு ரூம். அங்கே இருந்த தலைமை எழுத்தர் ஒரு மாதிரியான மனிதர். வழக்குக் கட்டுக்குள் ஒரு தாள் வந்தால் முதல் வேலையாகப் பக்க எண் போட வேண்டும். எண் போட்ட தாளைத் தொட்டால் கையை உடைப்பேன் என்பார். கோர்ட்டில் யார் என்ன பேசினாலும் பத்து வருஷம் கழித்து மிஞ்சப் போவது காகிதம்தான் என்று அவரிடம் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டும் புத்தி வரவில்லை.

கோர்ட் எது என்று சொல்ல மாட்டேன். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே நான் உட்காராத கோர்ட் குறைவு. இது எல்லா இடத்திலும் நடந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் செய்ததைத்தான் சொல்ல முடியும்.

சின்ன வழக்குகளுக்கு ஒரு பாரம் உண்டு. மேல் பாதியில் கேள்வி அச்சடித்திருக்கும். இன்ன தேதியில், இன்ன இடத்தில், இன்ன குற்றம் செய்ததாக உங்கள்மேல் வழக்கு, என்ன சொல்கிறீர்கள் என்று. கீழ்ப் பாதி காலி. குற்றம் சாட்டப்பட்டு நிற்கிறவர், கோர்ட் பாஷையில் எதிரி, என்ன சொல்கிறாரோ அதை அவர் வாயில் வந்த வார்த்தையிலேயே அங்கே எழுத வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எங்களுக்கும் தெரியும்.

காலை ஒன்பதரைக்கே போய்விடுவேன். பத்தரைக்கு நீதிபதி மேடை ஏறுவார். அந்த ஒரு மணி நேரத்தில் கோர்ட் வேலையைப் பார்க்கிற போலீஸ்காரர் ஒரு அடுக்குக் கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். "எல்லாம் ஒப்புக்கிற கேசுதான் சார்" என்பார். நான் டீயைக் குடித்துக்கொண்டே எல்லாப் பாரத்திலும் ஒரே வாசகத்தை எழுதி முடித்துவிடுவேன். 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். குறைந்த தண்டனை வழங்க வேண்டுகிறேன்.' எதிரியின் முகத்தை நான் பார்ப்பதற்கு முன்பே அவர் ஒப்புக்கொண்டு முடித்திருப்பார். அப்புறம் பேர் கூப்பிட வேண்டியது, நீதிபதி கேட்க வேண்டியது, இவர்கள் தலையாட்ட வேண்டியது, கையெழுத்து வாங்க வேண்டியது. ஒரு கட்டுக்கு ரெண்டு நிமிஷம்.

நானாகக் கண்டுபிடித்த வழி இல்லை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் அப்படித்தான் செய்தார், சொல்லியும் கொடுத்தார். மத்தியானத்துக்குள் இதையெல்லாம் முடித்தால்தான் பெரிய வழக்குகளில் சாட்சி விசாரிக்க முடியும். எல்லோருக்கும் சௌகரியம். எதிரிக்கும் சௌகரியம் என்று நாங்களே முடிவு செய்துவைத்திருந்தோம்.

தண்டனையும் லேசாகத்தான் தெரியும். கொஞ்சம் அபராதம், கூடவே 'கோர்ட் கலையும் வரை சிறை'. ஜெயிலுக்குப் போக வேண்டாம். சாயங்காலம் நீதிபதி எழுந்து உள்ளே போகிற வரைக்கும் கோர்ட்டின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் போதும், தண்டனை அனுபவித்தாயிற்று. நடுவில் டீ குடிக்கக்கூட விடுவோம். உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அது ஏதோ காத்திருக்கச் சொன்ன மாதிரி இருக்கும். காகிதத்தில் அதற்குப் பெயர் சிறைத்தண்டனை. அதை யாரும் அவர்களிடம் விளக்கிச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

இந்த வழியில் அதிகமாக வந்தவை லாட்டரி கேஸ்கள். நம் மாநிலத்தில் லாட்டரியை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகிறது. ஆனாலும் வெளி மாநிலக் குலுக்கலின் கடைசி மூன்று நம்பரை வைத்துத் துண்டுக் காகிதத்தில் எழுதி விற்பது நின்றபாடில்லை. மூணு நம்பர் என்று சொன்னாலே எங்கள் பக்கம் புரிந்துவிடும். இதில் என்ன செய்தீர்கள் என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்தால், அந்த வாரம் ஸ்டேஷன்களில் பத்துப் பதினைந்து பேரைப் பிடிப்பார்கள். மாட்டுகிறவர்கள் சீட்டு நடத்துகிற பெரிய கைகள் இல்லை. பெட்டிக்கடை, டீக்கடை, சைக்கிள் கடை வைத்திருக்கிறவர்கள்.

அப்படி ஒரு நாள் பதினோரு லாட்டரிக் கட்டு என் மேசைக்கு வந்தது. அதில் ஒன்று ஜெயமேரியுடையது.

முப்பத்தைந்து வயது இருக்கும். மெயின் ரோட்டில் ஒரு பெட்டிக்கடை வைத்திருந்தார். புருஷன் அந்தோணி குறிஞ்சிப்பாடிப் பக்கம் மாணவர்கள் தங்கிப் படிக்கிற ஒரு அரசு விடுதியில் சமையல்காரர். கடையின் கல்லாவுக்குக் கீழே நம்பர் எழுதிய ஒரு நோட்டும் சில துண்டுச் சீட்டும் இருந்தன என்பது வழக்கு.

பேர் கூப்பிட்டதும் வந்து நின்றார். அப்போதிருந்த நீதிபதி நல்ல மனிதர், ஆனால் வேகமானவர். கேள்வியை ஒரே மூச்சில் படித்துவிட்டு, "ஒப்புக்கிறீங்களா?" என்றார்.

ஜெயமேரி சன்னமாகப் பேசினார். "அது என்னுது இல்ல சார். ஒருத்தரு, சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன்னு வச்சிட்டுப் போனாரு சார்."

மேடைக்கு அது எட்டவில்லை. மேலே ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, பின்னால் வக்கீல்களின் பேச்சு. நீதிபதி அடுத்த கட்டைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கும் ஜெயமேரிக்கும் நடுவில் நான் நின்றிருந்தேன். எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது.

நான் பாரத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். "இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா. சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம். இல்லன்னா கேசு வருஷக்கணக்குல இழுத்துக்கிட்டுப் போவும்" என்றேன்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்தே சொன்னேன். ஜெயமேரி என் முகத்தைப் பார்த்தார், பாரத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஐந்தே முக்காலுக்கு நீதிபதி எழுந்ததும் வீட்டுக்குப் போனார். நானும் என் வீட்டுக்குப் போனேன்.

நாலு வருஷம் ஓடியது. எனக்குப் பிரமோஷன் போட்டுக் கடலூருக்கு மாற்றினார்கள். மாஜிஸ்திரேட் கொடுத்த தண்டனையை எதிர்த்து அப்பீல் வருகிற செஷன்ஸ் கோர்ட். வீடு சிதம்பரத்தில்தான். பொழுது விடிந்தால் பஸ், பொழுது சாய்ந்தால் பஸ். ஆலப்பாக்கம் தாண்டி சிப்காட் நெருங்கும்போது கெமிக்கல் ஃபேக்டரி நாற்றத்துக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துவோம். தூங்கிக்கொண்டிருந்தாலும் என் கை தானாக நீளும். இடுப்பு போனது அந்தப் பஸ்ஸில்தான்.

அங்கே வாய்த்த நீதிபதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யார் எதைச் சொன்னாலும் "அப்படிங்களா" என்பார். அரசு வக்கீல் சொன்னாலும் அப்படிங்களா, கொலைக் குற்றவாளி சொன்னாலும் அப்படிங்களா. கட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படிப்பார். படிக்கிற வரிக்குக் கீழே ஒரு மர ஸ்கேலை வைத்துக்கொள்வார். படித்து முடித்ததும் கட்டின் நாடாவை அவரே முடிச்சுப் போடுவார், எங்களைப் போட விடமாட்டார். எப்போதும் பக்கத்தில் ஃப்ளாஸ்க்கில் வெந்நீர். சேம்பருக்குக் கூப்பிட்டு நிற்கவைத்துப் பேசினால் சாதாரண விஷயம். "உக்காருங்க" என்றால் போச்சு, பெரிய விஷயம். அவரிடம் ஆறு மாதம் வேலை பார்த்ததில் எனக்கு ரத்த அழுத்தம் வந்தது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, கட்டை அந்த மாதிரி படிக்கிற மனிதரை அதற்கு முன்பும் பார்க்கவில்லை, பின்பும் பார்க்கவில்லை.

ஒரு நாள் புதிதாகத் தாக்கலான அப்பீல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு லாட்டரி வழக்கு. ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கி நாலு வருஷம் ஆன பிறகு அப்பீல், தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு. இது எங்கே நிற்கப் போகிறது என்று அலட்சியமாகத்தான் புரட்டினேன். மனுதாரர் ஜெயமேரி. அந்தப் பேர் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. மனுவைப் படிக்கப் படிக்கத்தான் வந்தது.

அந்தோணி வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் இறந்துவிட்டார். கருணை அடிப்படையில் அந்த அம்மாவுக்கு அதே துறையில் சமையல் உதவியாளர் வேலை கொடுக்க உத்தரவு வரவிருந்தது. போலீஸ் விசாரணையில், இவர் சிறைத்தண்டனை பெற்றவர் என்று அறிக்கை போயிருக்கிறது. ஆறு மாதத்துக்குள் தண்டனை ரத்தான உத்தரவைக் கொண்டுவந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் வேலை பட்டியலில் அடுத்தவருக்கு என்று துறை கடிதம் எழுதிவிட்டது. ரெண்டு பெண் பிள்ளைகள், ரெண்டும் படிக்கின்றன. கேஸ் வந்ததோடு கடையையும் மூடியாயிற்று. தாமதத்துக்குக் காரணமாக ஒரு வரி எழுதியிருந்தார்கள். 'மனுதாரர் ஒரு நாளும் ஜெயிலுக்குப் போனதில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்ததுதான் சிறைத்தண்டனை என்பது அவருக்குத் தெரியாது.'

ஜெயமேரியின் வக்கீல் கருணாகரனும் சிதம்பரத்துக்காரர். காலை பஸ்ஸில் அடிக்கடி என் பக்கத்தில் உட்காருவார். அந்தப் பாரத்தில் இருப்பது என் எழுத்து என்று அவருக்குத் தெரியாது.

"ஒப்புக்கிட்ட கேசுல அப்பீல் ஏது சார்? தண்டன ஜாஸ்தின்னு வேணா கேக்கலாம். தண்டனையே தப்புன்னு கேக்க முடியாதே. ஆனா அந்தம்மா, நான் ஒப்புக்கவே இல்லன்னு அடிச்சி சொல்லுது. இல்லன்னுதான் சொன்னேன், அந்தக் குமாஸ்தா கையெழுத்து கேட்டாரு, போட்டேங்குது. இத எதை வச்சி நான் நிரூபிப்பேன்? கெடைக்கப்போற வேலையும் போயிடும் போலருக்கு" என்றார்.

"ம்" என்றேன். சிப்காட் வந்தது, ஜன்னலைச் சாத்தினேன். கடலூர் வரைக்கும் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

தாமதத்தை நீதிபதி மன்னித்துவிட்டார். கீழ்க்கோர்ட்டிலிருந்து ஜெயமேரியின் கட்டு வந்தது. பிரித்தேன். நீல மையில் என் எழுத்து. கீழே ஜெயமேரியின் கையெழுத்து. எழுத்து ஒரு சைஸ், கையெழுத்து ஒரு சைஸ்.

அப்பீல் முதல் நாள் விசாரணைக்கு வந்தபோது அரசு வக்கீல் ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை. கையெழுத்து இருக்கிறது, கோர்ட் பதிவேட்டைச் சந்தேகப்பட முடியாது என்றார். "அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு நீதிபதி அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார். நான் கட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். ஜெயமேரி அங்கே நின்றிருந்தார். ரொம்ப மெலிந்துபோயிருந்தார். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தார்.

"சார், நீங்க அங்க இருந்தவருதானே?"

"ஆமாம்மா."

"அன்னிக்கு நான் சொன்னது ஒங்களுக்குக் கேட்டுதுல்ல சார்?"

சண்டைக்கு வருகிற குரல் இல்லை. வழி கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தினியோ கேசு வருதும்மா. எனக்கு எப்பிடி நெனவிருக்கும்?" என்றேன்.

"அதுவும் சரிதான் சார்" என்று சொல்லிவிட்டு விலகி வழிவிட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு ஏழு வருஷம் இருந்தது. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்படியெல்லாம் ராத்திரி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ரெண்டு நாள் கழித்து நீதிபதி சேம்பருக்குக் கூப்பிட்டார்.

"உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். ஜெயமேரியின் கட்டு விரித்தபடி இருந்தது. என் வரிக்குக் கீழே அந்த ஸ்கேல்.

"இது யார் எழுத்துங்க?"

தினமும் என் எழுத்தைப் பார்க்கிறவர். தெரியாமல் கேட்கவில்லை. "என்னுதுங்க அய்யா" என்றேன்.

"அப்படிங்களா." வெந்நீரை ஊற்றி ஒரு வாய் குடித்தார். "பெட்டிக்கடை வச்சிருக்கிறவங்க 'குறைந்த தண்டனை வழங்க வேண்டுகிறேன்'னு பேசுவாங்களா?"

நான் ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் உங்கள சாட்சி கேக்கல. நீங்க இங்க உக்காந்து எதச் சொன்னாலும் அத நான் தீர்ப்புல எழுத முடியாது. பேப்பர்ல இருக்கிறதத்தான் எழுத முடியும். பேப்பர்ல ஏதாவது இருக்கா?"

இருந்தது. அதை நான் ஒருவன்தான் அறிவேன்.

அன்றைக்கு வந்த பதினோரு லாட்டரிக் கட்டில் பத்துப் பேர்தான் கோர்ட்டுக்கு வந்தார்கள். பதினோராவது ஆள் ஒரு சைக்கிள் கடைக்காரர், வரவில்லை. நீதிபதி அவருக்கு வாரண்ட் போட்டார். ஆனால் டீயைக் குடித்துக்கொண்டு நான் காலையிலேயே அவர் சார்பாகவும் ஒப்புக்கொண்டிருந்தேனே, அந்தப் பாரத்தைக் கிழித்துப் போட மறந்துபோனேன். கட்டோடு சேர்த்துத் தைத்துப் பக்க எண்ணும் போட்டாகிவிட்டது. அந்த ஆள் ஊரைவிட்டே போய்விட்டார், வழக்கு நிலுவையிலேயே கிடந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்தக் கட்டைப் பிரிப்பேன். என் எழுத்து என்னைப் பார்க்கும். கிழிக்க வேண்டும் என்று நினைப்பேன். பக்க எண் குறைந்தால் கேள்வி வரும் என்று மூடிவைத்துவிடுவேன். வேறு கோர்ட்டுக்கு மாற்றல் ஆகிற வரைக்கும் இதே கதைதான்.

"அன்னிக்கு மொத்தம் பதினோரு லாட்டரிக் கட்டுங்க அய்யா. பதினொண்ணயும் வரவழச்சிப் பாருங்க" என்றேன்.

"பாத்தா?"

"அதுல ஒருத்தரு அன்னிக்கு வரலிங்க அய்யா."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. ஸ்கேலை எடுத்துத் தனியாக வைத்தார். கட்டை மூடி நாடாவை முடிச்சுப் போட்டார். "சரி, போங்க" என்றார். எழுந்து வாசல்வரை போனவனைக் கூப்பிட்டு, "உங்களுக்கு மெமோ வரும். குடுக்காம இருக்க முடியாது" என்றார். "தெரியுங்க அய்யா" என்றேன்.

அடுத்த விசாரணையில் பதினோரு கட்டும் மேடையில் இருந்தன. பதினோரு பாரத்திலும் ஒரே மை, ஒரே எழுத்து, ஒரே வாசகம். நீதிபதி கடைசிக் கட்டை அரசு வக்கீலிடம் நீட்டச் சொன்னார். நான்தான் நீட்டினேன்.

"இவரு அன்னிக்கு ஆஜராகலன்னு வாரண்ட் போட்டிருக்கு. அடுத்த பக்கத்துல குற்றத்த ஒப்புக்கிட்டிருக்காரு. வராத ஆளு எப்படிங்க ஒப்புக்கிட்டாரு?" என்று கேட்டார்.

கோர்ட்டில் சிரித்துவிட்டார்கள். கருணாகரன்கூடச் சிரித்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அரசு வக்கீல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சொல்ல ஒன்றுமில்லை என்று உட்கார்ந்தார்.

எனக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதினேன். கண்டனம் என்று பதிவேட்டில் ஏற்றி ஒரு வருஷ இன்கிரிமென்ட்டை நிறுத்தினார்கள். கூட வேலை பார்த்தவர்கள் ஆறுதலும் சொன்னார்கள், முதுகுக்குப் பின்னால் முட்டாள் என்றும் சொன்னார்கள். என் மனைவி, "இத்தன வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்தீங்க, இன்னும் ஏழு வருஷம் இருந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். அதோடு விட்டுவிட்டாள். எனக்கு அது ஒன்றும் பெரிய தண்டனையாகத் தெரியவில்லை. அந்த அம்மாவுக்கு வேலை கிடைத்துவிடும், கணக்குத் தீர்ந்தது என்று நிம்மதியாகவே இருந்தேன்.

தீர்ப்பு நாள் வந்தது. தண்டனை ரத்து என்று நீதிபதி படித்தார். ஜெயமேரி கடைசி பெஞ்சில் கும்பிட்டபடி எழுந்து நின்றார். ஆனால் தீர்ப்பு அங்கே முடியவில்லை. வழக்கு மறுபடி கீழ்க்கோர்ட்டுக்கு அனுப்பப்படுகிறது, முதலிலிருந்து விசாரிக்க வேண்டும், எதிரியின் பதிலை அவர் சொந்த வார்த்தையிலேயே பதிவு செய்ய வேண்டும், மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று படித்தார்.

கருணாகரன் எழுந்து, விடுதலையே கொடுத்துவிடலாமே, ஒரு குடும்பத்தின் பிழைப்பு என்று கேட்டுப் பார்த்தார்.

"விசாரணையே நடக்கலிங்களே. ஒப்புக்கிட்டதுதான் இல்லன்னு ஆயிடுச்சு, குற்றம் நடக்கலன்னு இன்னும் ஆவலியே. விசாரிக்காம எப்படிங்க விடுதலை குடுப்பேன்?" என்றார் நீதிபதி. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சட்டம். ஒரு எழுத்துக் குறை சொல்ல முடியாது. சொல்லிவிட்டு அவர் நாடாவை வழக்கத்தைவிட ரொம்ப நேரம் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே ஜெயமேரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "தண்டன இல்லன்னு சொல்லிட்டாங்கல்ல சார்? அப்ப வேல குடுத்துடுவாங்கல்ல?" என்று கருணாகரனிடம் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் அடுத்த வழக்கைக் கூப்பிட உள்ளே போய்விட்டேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் கருணாகரன் பஸ்ஸில் சொல்லித் தெரியும். தீர்ப்பு நகலை எடுத்துக்கொண்டு ஜெயமேரி துறை அலுவலகத்துக்குப் போனார். தண்டனை இல்லை, சரி, ஆனால் வழக்கு நிலுவையில் இருக்கிறதே, முடித்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கீழ்க்கோர்ட்டில் வழக்கு போட்ட சப் இன்ஸ்பெக்டர் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகியிருந்தார். அவருக்குச் சம்மன் போகும், அவருக்குப் பந்தோபஸ்து டியூட்டி என்று பதில் வரும். நோட்டைக் கைப்பற்றியபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று மாதம் என்பதை நீட்டித்தார்கள், மறுபடி நீட்டித்தார்கள். துறை கொடுத்த ஆறு மாதம் முடிந்த அடுத்த வாரமே அந்த வேலைக்குப் பட்டியலில் இருந்த அடுத்தவர் சேர்ந்துவிட்டார்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு மத்தியானம். லீவு போட்டிருந்தேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஜெயமேரி நின்றிருந்தார். பார்க்காத மாதிரி போயிருக்கலாம், நானாகத்தான் போய்ப் பேசினேன். இறால் உரிக்கிற கம்பெனியில் வேலைக்குப் போவதாகச் சொன்னார். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"கேசு என்னம்மா ஆச்சு?" என்றேன்.

"முடிஞ்சிடுச்சு சார்."

"விடுதல ஆயிடுச்சா?"

"ஒப்புக்கிட்டேன் சார்."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "ஏம்மா? யாராவது சொல்லச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல சார். பதினாலு வாய்தா போனேன். ஒரு நாளு வரலன்னா கம்பெனில மறுநாளும் வராதங்கறாங்க. அந்த ஹாஸ்டல் வேலயும் வேற ஆளுக்குப் போயிடுச்சு. இனிமே எதுக்கு சார் அலஞ்சிக்கிட்டு?" என்றார். "இப்ப இருக்கிற ஜட்ஜம்மா நல்லவங்க சார். மூணு தடவ கேட்டாங்க. யாராச்சும் மெரட்டுனாங்களா, பயந்துக்கிட்டு சொல்றீங்களா, ஒங்க வேலைக்கு இது எடஞ்சலாகும்னு தெரியுமான்னு. இல்லீங்க, நான்தான் வித்தேன்னு சொன்னேன். அத அப்பிடியே எழுதிக்கிட்டாங்க. திருப்பிப் படிச்சிக் காமிச்சி கையெழுத்து வாங்குனாங்க. சாயங்காலம் வரைக்கும் பெஞ்சில உக்காந்துட்டு வந்துட்டேன்."

இந்த முறை ஒரு குறையும் இல்லை. அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை, அவர் வார்த்தையிலேயே பதிவு. இனி எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் இதை அசைக்க முடியாது. நான் காட்டிக்கொடுத்ததும், நீதிபதி ஸ்கேல் வைத்துப் படித்ததும், எனக்கு வந்த மெமோவும் சேர்ந்து அவருக்கு வாங்கிக் கொடுத்தது இதைத்தான். எனக்கு அழுகை வரும் போலிருந்தது. பஸ் ஸ்டாண்டில் அழுகிற வயசா?

அங்கேயே நிறுத்திக்கொண்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"நெசமாவே நீங்க வித்தீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

ஜெயமேரி என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. களைப்பாக இருந்தார்.

"இத அன்னிக்குக் கேட்டிருக்கணும் சார்" என்றார்.

குறிஞ்சிப்பாடி பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்தது. அவர் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.